மில் சுவரில் கூகைக் குடும்பம்: கார்த்திகை முதல் மாசி வரை

மில்தெருக்காரி | நவம்பர் 19

நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். எங்கள் வீட்டுக்கு எதிரே வெகுநாளாக மூடிக்கிடக்கும் அரிசி மில் ஒன்று இருக்கிறது. பத்து நாளாக ராத்திரியில் அதற்குள்ளிருந்து யாரோ குறட்டை விடுவது போலச் சத்தம். தெருவில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. குடித்துவிட்டு எவனோ வந்து படுக்கிறான் என்பது ஒரு கட்சி. மில் ஓடிய காலத்தில் பெல்ட்டில் மாட்டி இறந்தவர் இன்னும் போகவில்லை என்பது இன்னொரு கட்சி.

நேற்று ஆறேகால் மணிக்குக் காய்ந்த துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். மில்லின் கூரைக்குக் கீழே காற்றுக்காக விட்ட சதுர ஓட்டையில் வெள்ளையாக ஒன்று வந்து உட்கார்ந்தது. வெற்றிலையை நிமிர்த்திப் பிடித்தது போல முகம், அதில் நாவற்பழம் போல இரண்டு கண். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தது. அப்புறம் சத்தமே இல்லாமல் வயல் பக்கம் இறங்கிப் போய்விட்டது. சிறகடிக்கிற சத்தம்கூட வரவில்லை. ஐந்து நிமிடம் கழித்து உள்ளே மறுபடி குறட்டை. ஆக, இரண்டு பறவை.

இது கூகைதானே? கூடு வைக்கப் போகிறதா? மாமியார் ஆள் விட்டு விரட்டச் சொல்கிறார். நான்தான் இரண்டு நாள் பொறுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கூடுதேடி | நவம்பர் 19

கூகையேதான் அக்கா. விரட்ட விடாதீர்கள்.

குறட்டை விடுவது பெட்டை. சாப்பாடு கொண்டு வா என்று ஆணைக் கேட்கிற சத்தம் அது. முட்டையிடுவதற்கு முந்தைய வாரங்களில் ஆண் எலியாகக் கொண்டுவந்து குவிக்கும், பெட்டை உட்கார்ந்த இடத்திலேயே கனக்கும். அப்புறம் முட்டை. அநேகமாக இட ஆரம்பித்திருக்கும். கூடு என்று குச்சி கிச்சி எதையும் கட்டாது. தான் கக்கிய எலும்பு, மயிர் உருண்டைகளை மிதித்துப் பரப்பி அதன்மேலேயே இடும்.

தயவுசெய்து ஏறிப் பார்க்க வேண்டாம். அடைகாக்கும் ஆரம்ப நாட்களில் தொந்தரவு செய்தால் அப்படியே விட்டுப் போய்விடக்கூடும். மொட்டை மாடியே போதும். டார்ச் அடிப்பதானால் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றி அடியுங்கள், போனில் ஃபிளாஷ் கூடவே கூடாது. எத்தனை மணிக்கு வெளியே போகிறது, எத்தனை மணிக்கு எதைக் கொண்டு வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதினால் போதும். மார்பில் புள்ளி அதிகமாகவும் நிறம் கொஞ்சம் அழுத்தமாகவும் இருப்பது பெரும்பாலும் பெட்டை.

ஒற்றைப்பனை | நவம்பர் 20

எங்கள் பக்கம் இதற்குச் சாக்குருவி என்று பெயர். வீட்டுக்கு நேரே உட்கார்ந்து கத்தினால் அந்த வீட்டில் ஒரு தலை விழும் என்பார்கள். நம்புகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் மாமியார் சொல்வதையும் ஒரு காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

மில்தெருக்காரி | நவம்பர் 20

அத்தைக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. அவர் கணக்கில் இது கூகையே கிடையாது, கோட்டான். கோட்டான் இருந்தால் சுவரெல்லாம் வெள்ளையடித்து நாற வைத்துவிடும் என்பதுதான் புகார். அது என்னவோ உண்மைதான், நாற்றம் இப்போதே தெருவுக்கு வருகிறது.

ஏட்டுச்சுவடி | நவம்பர் 21

ஆந்தை, கூகை, கோட்டான் மூன்றையும் ஊருக்கு ஊர் மாற்றித்தான் சொல்கிறோம். சங்கப் பாட்டுகளில் கூகை பெரும்பாலும் சுடுகாட்டிலும் பாழிடத்திலும் குழறும். ஆனால் நற்றிணை 83இல் வருவது வேறு மாதிரிக் கூகை. ஊர்வாசல் துறையில் நிற்கும் பழைய சாமி மரத்தில் குடியிருக்கிறது. தலைவன் இரவில் வரும் நேரம், கூகை கத்தினால் வீடு விழித்துவிடும். தோழி அதனிடம் பேரம் பேசுகிறாள்: ஆட்டுக்கறி கலந்த நெய்ச்சோறும் சுட்ட எலியும் வயிறு நிறையத் தருகிறேன், எல்லாரும் அஞ்சி எழும்படி மட்டும் அலறாதே. கூகைக்கு எலி பிடிக்கும் என்று தெரிந்து லஞ்சம் கொடுக்கப் பார்த்த முதல் ஆள் அவள்தான் என்று நினைக்கிறேன். அது பெரிய கொம்பன் ஆந்தையாகவும் இருக்கலாம், நம் வெள்ளைமுகமாகவும் இருக்கலாம். பட்டியல் போட்டுப் பாடவில்லையே.

மில்தெருக்காரி | நவம்பர் 27

ஏறக் கூடாது என்று நான் இருந்தேன், ஆனால் மில்காரர் உடைந்த ஷீட்டை மாற்ற ஆள் அனுப்பிவிட்டார். அந்தத் தம்பி இறங்கி வந்ததும் பிடித்துக்கொண்டேன். ஐந்து முட்டை, சுத்த வெள்ளை, கோழிமுட்டையைவிடச் சின்னது என்றான். தாய் பறக்கவில்லையாம். இறக்கையை விரித்துத் தலையைத் தாழ்த்தி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டே குக்கர் போலச் சீறியிருக்கிறது. பயந்து பாதி வேலையில் இறங்கிவிட்டான். மீதி ஷீட்டைப் பொங்கல் கழித்துப் போட்டுக்கொள்ளலாம் என்று மில்காரரிடம் பேசிவிட்டேன்.

கூடுதேடி | நவம்பர் 27

அருமை. இனிக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள் அக்கா. கூகை ஐந்தையும் ஒரே நாளில் இடாது, இரண்டு மூன்று நாளுக்கு ஒன்றாக இடும். கோழி மாதிரி எல்லா முட்டையும் சேரட்டும் என்று காத்திருக்காமல் முதல் முட்டையிலேயே அடை உட்கார்ந்துவிடும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பொரியும். அதனால் குஞ்சுகளும் அதே இடைவெளியில்தான் வரும். மூத்ததற்கும் கடைசிக்கும் பத்து நாள் வித்தியாசம்கூட இருக்கும். வரிசையாக நிறுத்தினால் படிக்கட்டு மாதிரி இருக்கும்.

எலி நிறையக் கிடைத்தால் ஐந்தும் தேறும். குறைந்தால் கடைசிப் படி முதலில் போகும். இயற்கை அப்படித்தான் வைத்திருக்கிறது. இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் வருத்தப்படாதீர்கள்.

மில்தெருக்காரி | டிசம்பர் 16

மூன்று வாரம் நோட்டில் ஒன்றும் விசேஷமில்லை. பெட்டை வெளியே வருவதே இல்லை, ஏழு மணிக்கு மேல் ஒரு தடவை சிறகை உதறிக்கொள்ள வரும், ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடும். மற்றபடி ஆண் வரும், கொடுக்கும், போகும்.

முந்தாநாளிலிருந்து கதை மாறியிருக்கிறது. குறட்டைக்கு நடுவில் கிச்சுகிச்சு என்று மெல்லிசாக ஒரு சத்தம். நேற்று ஆறரையிலிருந்து பத்தரை வரை குல்லாய் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எண்ணினேன். ஆண் ஏழு தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் அலகில்தான் எலி தொங்குகிறது, வால் தெரிகிறது. ஓட்டைக்குள் தலையை நீட்டிக் கொடுத்துவிட்டு உடனே திரும்பி விடுகிறது. உள்ளே கால் வைத்து உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் எட்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு வருவார், அத்தோடு டிவி. அந்தப் பறவையைக் கொஞ்சம் வந்து பாருங்கள் என்றேன். வரவில்லை.

கூடுதேடி | டிசம்பர் 17

முதல் குஞ்சு பொரிந்துவிட்டது. ஆண் உள்ளே தங்காதது சரிதான். எலியைக் கிழித்துச் சின்னத் துண்டாக ஊட்டுவது தாயின் வேலை, அதுவரை தந்தைக்கு டெலிவரி மட்டும். குஞ்சு மூன்று வாரம் தாண்டினால் முழு எலியையே விழுங்கும். அதற்குப் பிறகு தாயும் வேட்டைக்குப் போகும்.

தாளடி | டிசம்பர் 18

விவசாயத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த இழையைத் தொடர்ந்து படிக்கிறேன். கூகை இந்த நேரம் பார்த்து முட்டை வைத்ததில் ஆச்சரியமில்லை. சம்பா கதிர் வாங்கும் பருவம், எலிக்கு விருந்து. வரப்பைத் துளைக்கும் கரம்பை எலி, புல் எலி, வயல் சுண்டெலி மூன்றும் இப்போதுதான் குட்டி போட்டுப் பெருகும்.

தென்னை மட்டையைத் தலைகீழாக வயலில் ஊன்றி வைப்போமே, அது இதற்குத்தான். அகன்ற அடிப்பக்கம் மேலே இருப்பதால் கூகை உட்கார்ந்து காது கொடுக்கத் தோதாக இருக்கும். கதிர் முற்ற ஆரம்பித்ததும் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பகலில் சில்லைகள் அதிலேயே உட்கார்ந்து நெல்லைக் கொறிக்கும். இதைச் சொன்னால் பாதிப் பேர் ஊன்றுவதையே விட்டுவிடுகிறார்கள். உங்கள் பக்கம் மட்டை ஊன்றியிருக்கிறார்களா?

மில்தெருக்காரி | டிசம்பர் 24

சார், மட்டை இருக்கிறது. ஆனால் இப்போது பிரச்சினை வேறு. மில்லுக்குப் பின்னால் நிலம் வைத்திருப்பவர் எங்கள் பங்காளி. எலி வெட்டு தாங்கவில்லை என்று எலி கேக் வாங்கி வந்து திண்ணையில் வைத்திருக்கிறார். நீலமாக இருக்கிறது. நாளைக்கு வளைக்கு வளை வைக்கப் போகிறாராம். அவர் நிலத்தில் அவர் வைப்பதை நான் எப்படித் தடுப்பது? ஆண் கூகை ஒவ்வொரு ராத்திரியும் நேராக அந்த வயலுக்குத்தான் இறங்குகிறது.

தாளடி | டிசம்பர் 24

அட்டையில் புரோமடியோலோன் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அது ரத்தம் உறைவதைத் தடுக்கிற மருந்து. தின்ற எலி அன்றைக்கே சாகாது, மூன்று நான்கு நாள் தள்ளாடிக்கொண்டு வெளியே திரியும். கூகைக்கு அதைவிடச் சுலபமான இரை இல்லை. எலியின் ஈரலில் இருக்கும் மருந்து கூகையின் ஈரலில் போய்ச் சேரும். ஒன்றிரண்டு தின்றால் சமாளித்துவிடலாம், தினமும் நாலு ஐந்து என்றால் குஞ்சு உள்பட எல்லாவற்றுக்கும் ஆபத்து. ஆண் செத்தால் கூடே முடிந்தது, தாய் இப்போது குஞ்சுகளை விட்டு நகர முடியாது.

பங்காளியிடம் கூகையின் பெருமை பேசிப் பயனில்லை. அவருக்குப் போவது நெல். எலிக்குப் பதில் சொல்லுங்கள். தஞ்சாவூர்க் கிட்டி வைக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். மூங்கில் வில் வைத்த எலிப்பொறி, ஒரே ராத்திரியில் பலன் தெரியும். எலியை எண்ணிக் காசு வாங்குவார்கள்.

மில்தெருக்காரி | டிசம்பர் 28

கிட்டிக்காரர் வந்தார். வாலுக்கு இவ்வளவு என்று பேசி, முதல் இரண்டு ராத்திரிச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். வீட்டுக்காரருக்கு இது தெரியாது, தெரியவும் வேண்டாம். முதல் ராத்திரி நாற்பத்தொரு எலி. வரிசையாக அடுக்கிக் காட்டியதும் பங்காளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. கேக் இன்னும் திண்ணையில்தான் இருக்கிறது, ஆனால் பிரிக்கவில்லை.

ஒற்றைப்பனை கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: ஆமாம், கூகைக்குப் போகவேண்டிய எலியை நானே காசு கொடுத்துப் பிடிக்க வைத்தேன். நாலு நாளாக வருகை எண்ணிக்கை குறையவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல்.

மில்தெருக்காரி | ஜனவரி 6

மூன்று நாளாக விடாத மழை. மார்கழி முடியப்போகிற நேரத்தில் இப்படி யாரும் எதிர்பார்க்கவில்லை, கதிரெல்லாம் சாய்ந்துவிட்டது. நோட்டில் 3ஆம் தேதி இரண்டு வருகை, 4ஆம் தேதி ஒன்றுமில்லை, 5ஆம் தேதி மூன்று. 5ஆம் தேதி கொண்டுவந்ததில் ஒன்று எலி இல்லை, நீளமாகக் கால் தொங்கியது. தவளை என்று நினைக்கிறேன். உள்ளே சத்தம் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. தாயே ஒரு தடவை மழையில் வெளியே போய், நனைந்து பாதியாகத் திரும்பி வந்தது.

ஏதாவது வைக்கலாமா? கோழிக்கறித் துண்டு?

கூடுதேடி | ஜனவரி 6

வேண்டாம் அக்கா, இப்போது ஓட்டைப் பக்கம் ஆள் ஏறினால் தாய் போய்விடும், அது இன்னும் மோசம். கூகைக்கு மழை பரம எதிரி. சத்தமில்லாமல் பறக்க வேண்டுமென்று சிறகு அவ்வளவு மென்மையாக இருக்கிறது, அதற்கு விலையாக நீரை ஒட்டாமல் தள்ளும் சக்தி குறைவு. காதால் வேட்டையாடுகிற பறவைக்கு மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அது தவளையைப் பிடித்து வந்ததே பெரிய விஷயம்.

மில்தெருக்காரி | ஜனவரி 17

காணும் பொங்கலன்று தரிசனம் கிடைத்தது. ஓட்டையில் தலைகள்! பஞ்சை உருட்டி மூக்கு வைத்தது போல. பெரியதற்கு முகம் வெற்றிலை வடிவுக்கு வந்துவிட்டது, சின்னது இன்னும் கிழவி மாதிரி இருக்கிறது. நான்கு. திரும்பத் திரும்ப எண்ணிவிட்டேன், நான்குதான்.

அத்தையையும் மாடிக்கு அழைத்துப் போனேன். முட்டி வலியோடு ஏறி வந்து, பார்த்துவிட்டு, "இதுகளா? இதுக்கா அந்த நாத்தம்?" என்று கேட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

ஒற்றைப்பனை | ஜனவரி 17

ஐந்தாவது முட்டை கூமுட்டையாக இருந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மழையைக் குறை சொல்ல வேண்டாம்.

கூடுதேடி | ஜனவரி 18

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எல்லாம் பறந்த பிறகு கூட்டைக் கிளறினால் முட்டை கிடைத்தாலும் கிடைக்கும்.

செம்பனை | ஜனவரி 19

மலேசியா, பேராக்கிலிருந்து எழுதுகிறேன். இங்கே செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் கம்பம் நட்டுப் பெட்டி வைத்து இந்தப் பறவையை வளர்க்கிறார்கள். எலி செம்பனைப் பழத்தைக் கடித்துப் பாழாக்கும், அதற்காக. என் அப்பா தோட்டத்தில் கங்காணியாக இருந்தார். பெட்டி வைத்த புதிதில் தமிழாட்கள் யாரும் அந்த வரிசைக்கு வெட்டப் போகமாட்டேன் என்று நின்றுவிட்டார்களாம். மலாய்க்காரர்களும் அதே கதைதான், அவர்கள் மொழியில் ஆந்தைக்குப் பெயரே புருங் ஹந்து, பேய்ப்பறவை.

நான் பார்த்தவரை ஐந்து பொரித்த பெட்டியில் மூன்று நான்கு தேறினால் நல்ல வருடம். செத்த குஞ்சின் உடலைப் பெட்டியில் பார்க்கவே முடியாது. மற்றவை தின்றுவிடும். சொல்வதற்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடப்பது.

மில்தெருக்காரி | ஜனவரி 25

செம்பனை அண்ணன் எழுதியதைப் படித்த அன்று எனக்கு மாடிக்குப் போகவே பிடிக்கவில்லை. ஆனால் நேற்று ஒன்று பார்த்தேன். ஆண் ஓட்டை விளிம்பில் எலியைக் கொடுத்துவிட்டுப் போனது. மூத்தது வாங்கிக்கொண்டது. விழுங்கவில்லை. அப்படியே திரும்பி, பின்னால் நின்ற சின்னதின் வாயருகே நீட்டியது. சின்னது வாலை வெளியே விட்டபடி கால்மணி நேரம் நின்றது. நான் சரியாகத்தான் பார்த்தேனா?

இன்னொன்று, இவை ஏன் தலையை வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன? சாமி வந்தவர்கள் மாதிரி.

கூடுதேடி | ஜனவரி 26

சரியாகவே பார்த்திருக்கிறீர்கள். சுவிட்சர்லாந்தில் லோசான் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் ரூலான் பல வருடமாகக் கூகைக் குஞ்சுகளையே ஆராய்கிறவர். பெற்றோர் இல்லாத நேரத்தில் குஞ்சுகள் தங்களுக்குள் சத்தம் போட்டுப் பேரம் பேசுகின்றன என்று அவரும் அவர் குழுவினரும் கண்டிருக்கிறார்கள். அதிகப் பசி உள்ளது அதிகமாகக் கத்தும், வயிறு நிறைந்தது அடங்கிவிடும், அடுத்த எலிக்குப் போட்டி போடாது. மூத்தது தன் இரையைச் சின்னதுக்குக் கொடுப்பதையும் பதிவு செய்திருக்கிறார்கள். தின்பதும் இவைதான், ஊட்டுவதும் இவைதான்.

தலை சுற்றல்: கண் நம்மைப் போல உருளாது, குழிக்குள் இறுகியிருக்கும். எதையும் தூரம் கணிக்க வேண்டுமானால் தலையைத்தான் நகர்த்த வேண்டும். காது இன்னும் விசேஷம். இடது காதின் துளை கொஞ்சம் மேலே, வலது கொஞ்சம் கீழே. மேலிருந்து வரும் சத்தமும் கீழிருந்து வரும் சத்தமும் இரண்டு காதிலும் வேறு வேறு அளவில் விழும். அந்த வெற்றிலை முகம் சத்தத்தைக் குவித்துக் காதுக்கு அனுப்புகிற முறம். கும்மிருட்டில் வைக்கோலுக்கடியில் ஓடுகிற எலியைப் பிடிப்பது இதனால்தான்.

மில்தெருக்காரி | பிப்ரவரி 10

அவசரம். மூத்தது இரண்டு நாளாக விளிம்பில் நின்று சிறகடித்துக்கொண்டிருந்தது. இன்று காலை பார்த்தால் எங்கள் கொல்லைத் தென்னையடியில் தரையில் உட்கார்ந்திருக்கிறது, சுற்றி இருபது காக்கை. பகலில் காக்கை கூகையை வெல்லும் என்று வள்ளுவர் சொன்னதை நேரில் பார்த்தேன். கூடையைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். பால் கொடுக்கலாமா? பக்கத்துப் பையன் வளர்க்கிறேன் என்கிறான்.

கூடுதேடி | பிப்ரவரி 10

பாலும் வேண்டாம், தண்ணீரும் ஊற்ற வேண்டாம். வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று பையனிடம் சொல்லுங்கள். இறக்கை தொங்குகிறதா, ரத்தம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இருட்டும் வரை அட்டைப்பெட்டியில் துளை போட்டு நிழலில் வையுங்கள். அந்தி சாய்ந்ததும் ஓட்டையிலேயே திரும்ப விட்டாக வேண்டும். தரையில் கிடக்கும் குஞ்சைக் கூகை பெரும்பாலும் கண்டுகொள்ளாது, இரை கொடுக்காது. மனிதன் தொட்டால் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை. துணியால் சுற்றித் தூக்குங்கள், நகம் கையைக் கிழித்துவிடும்.

மில்தெருக்காரி | பிப்ரவரி 11

ஷீட் போட்ட அதே தம்பியை வரவழைத்து ஏற்றிவிட்டேன். மீதி ஷீட் அப்படியேதான் இருக்கிறது, அதையும் ஞாபகப்படுத்திவிட்டுப் போனான். ராத்திரி எட்டு மணிக்கு நான்கு தலையும் விளிம்பில் இருந்தன. என் கட்டைவிரலில் இரண்டு ஓட்டை.

மில்தெருக்காரி | பிப்ரவரி 24

நான்கும் பறந்துவிட்டன. கடைசியது முந்தாநாள். மாலையில் மில் கூரை, எங்கள் தண்ணீர்த் தொட்டி, மின்கம்பம் என்று மாறி மாறி உட்கார்ந்து இரைக்குக் கத்துகின்றன, பெற்றோர் இன்னும் கொடுக்கின்றன. அறுவடை முடிந்து உளுந்து முளைத்திருக்கிறது, தரை வெட்டவெளியாக இருப்பதால் இறங்கிப் பழகுவது நன்றாகத் தெரிகிறது. பத்துத் தடவை பாய்ந்தால் ஒன்பது தடவை வெறுங்காலோடு வருகின்றன.

கூடுதேடி | பிப்ரவரி 24

இன்னும் இரண்டு வாரம் போகட்டும், அப்புறம் கூட்டைக் கிளறலாம். பகலில் உள்ளே ஒன்றும் தங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு போங்கள், மூக்கை மூடிக்கொண்டு. உருண்டைகளை ஈரத்துணியில் வைத்துக் குண்டூசியால் பிரித்தால் மண்டையோடு முழுசாக வரும். மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் டெல்டாக் கூகைகளின் இரையை ஆராய்ந்ததும் இப்படி உருண்டை பிரித்துத்தான். மேலடுக்கு, கீழடுக்கு என்று தனித்தனிப் பையில் போட மறக்காதீர்கள்.

மில்தெருக்காரி | மார்ச் 9

தம்பி இரண்டு சாக்கு இறக்கினான். எண்பத்து மூன்று முழு உருண்டை, மற்றது தூள். என் பெண்ணும் நானும் மூன்று நாள் பின்கட்டில் உட்கார்ந்து பிரித்தோம். அத்தை சாப்பாட்டுப் பாத்திரத்தையெல்லாம் வேறு பக்கம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எலி மண்டையோடு நூற்றைம்பதுக்கு மேல். மூஞ்சூறு ஒன்பது, எலிக்கு இருப்பது போல முன்பல்லுக்குப் பின்னால் இடைவெளி இல்லாமல் பல் வரிசையாகக் கூர்கூராக இருப்பதை வைத்துப் பிரித்தோம். இரண்டு சின்னப் பறவை. கூமுட்டை இல்லை, முட்டை ஓடு தூள் மட்டும்.

கீழடுக்குப் பையில் ஓர் உருண்டையில் மயிருக்கு நடுவே வெள்ளைப் பஞ்சு இருந்தது. பிரித்தால் வளைந்த சின்ன அலகு நுனி, ஆறு நகம். அரிசி நுனி அளவு.

கூடுதேடி | மார்ச் 9

கூகைக் குஞ்சின் நகம்தான் அக்கா, சந்தேகமே வேண்டாம். அந்த உருண்டையில் கூட வேறு என்ன இருந்தது?

மில்தெருக்காரி | மார்ச் 9

எலி ஒன்றுகூட இல்லை. ஒல்லியாக நீளமாக இரண்டு கால் எலும்பு, முட்டியில் மடங்கினபடி. தவளை. மற்ற எண்பத்திரண்டிலும் தவளை இல்லை.

ஒற்றைப்பனை | மார்ச் 10

ஜனவரி 5. என் கூமுட்டைக் கட்சியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.